ஸ்பெயினில் எங்களுக்கு ஒருவரும் இல்லை

என் மகனுக்கு எட்டு வயதாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் ஐரோப்பிய நாடுகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். ஜெர்மனி மண்ணிறம், நடுவில் குழி விழுந்திருக்கும் என்று எழுதினான். சுவிட்சர்லாந்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்கள், வெயில் நேரத்தில் காலில் ஒட்டும் என்று எழுதினான். பாரிஸ் பச்சை, ஒரு கால் ஆடும். ஆசிரியை குழம்பிப்போய் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு முதல் வரியிலேயே விளங்கிவிட்டது. அவன் எழுதியிருந்ததெல்லாம் சோபாக்கள்.

பிள்ளையில் பிழையில்லை. எண்பதுகளில் சண்டை தொடங்கி ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, யாருக்கு எந்த நாட்டுக் கதவு திறந்ததோ அங்கே நுழைந்துகொண்டோம். என் அக்கா பாரிசில். மனைவியின் தம்பி ஜெர்மனியில். அவளுடைய மாமா சுவிசில். நாங்கள் லண்டனில், கோலியர்ஸ் வுட்டில். கோடை விடுமுறை என்றால் காரை எடுத்துக்கொண்டு இவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சோபாக்களில் படுத்து எழும்புவோம். அங்கே பெரியபிள்ளையான பெண்ணொருத்தியின் சாமத்தியவீடு இருக்கும், அல்லது கல்யாணம், அதுவும் இல்லாவிட்டால் வீட்டுக்காரர் புதிதாக வாங்கிய டிவி இருக்கும். ஈபிள் கோபுரத்தை என் பிள்ளைகள் கார்க் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். இறங்கிப் பார்க்க நேரமில்லை. அக்கா வீட்டில் மீன்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை, ஜெர்மனியிலிருந்து திரும்பி வரும்போது கலே துறைமுகத்தில் கப்பலுக்காகக் காரை வரிசையில் விட்டுவிட்டு நின்றோம். மனைவி தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, நான் ஒண்டு சொல்லட்டோ?"

"சொல்லும்."

"நான் ஐரோப்பா முழுக்க வெங்காயம் வெட்டியிருக்கிறன். ஒரு இடமும் பாக்கேல்லை."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. போய் இறங்கி அரை மணித்தியாலத்தில் எந்த வீட்டிலும் அவள் குசினிக்குள், அடுப்புக்கு முன்னால் நிற்பாள். யாரும் நிற்கச் சொல்வதில்லை. ஆனால் நிற்காமல் இருக்க முடியாது. வந்த பெண் சோபாவில் கால் நீட்டி இருந்தாள் என்ற கதை அவள் லண்டனுக்குத் திரும்ப முன்பே லண்டனுக்கு வந்து சேர்ந்துவிடும். மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வருடம் முழுக்கக் குழாய்களைக் குலுக்கிக்கொண்டிருப்பவள், கிடைக்கிற விடுமுறையில் மச்சாள்மாரின் குசினியில் வெங்காயத் தோலோடு நிற்பாள்.

"அடுத்த வருசம்," என்றாள், "எங்களுக்கு ஒருத்தரும் இல்லாத நாட்டுக்குப் போவம். அவ்வளவுதான் நான் கேக்கிறது."

கலியாணம் செய்த நாள் தொடக்கம் அவள் என்னிடம் வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் என்று சொல்லமாட்டேன். குப்பைத் தொட்டியை வெளியில் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஆனால் தனக்கென்று கேட்டது இதுதான். நானும் தாராளமாக "ஓம்" என்றேன். கப்பல் வரிசையில் நிற்கும்போது மனிதன் எதற்கும் ஓம் சொல்லுவான்.

அப்படி ஒரு நாட்டைக் கண்டுபிடிப்பது லேசான வேலையாக இருக்கவில்லை. மகள் பள்ளிக்கூட அட்லஸை மேசையில் விரித்து வைத்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது, எதையும் நீதிபதி மாதிரித்தான் செய்வாள். நாங்கள் நாட்டின் பெயரைச் சொல்ல அவள் பென்சிலால் வெட்டிக்கொண்டு வந்தாள். நோர்வே, மனைவியின் சின்னம்மா. டென்மார்க், என்னோடு படித்தவன், அவன் வீட்டுக்குப் போகாவிட்டால் நான் செத்தாலும் வரமாட்டான். ஹொலண்ட், அங்கே தெருவுக்கு ஒரு ஆள். இத்தாலியை நம்பியிருந்தோம், ஆனால் மனைவியின் ஒன்றுவிட்ட அக்கா முந்திய மாதம்தான் பலெர்மோவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள்.

"போர்த்துக்கல்?" என்றாள் மகள்.

"அவை முதலே எங்கட ஊருக்கு வந்து நிண்டிட்டுப் போனவை," என்றேன். "போனால் பதிலுக்குப் போனமாதிரி இருக்கும்."

"அப்பா, பீ சீரியஸ்."

கடைசியில் ஸ்பெயின் மிஞ்சியது. மகள் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் படித்தாள். மகனுக்கு அங்கே கடல் சுடுதண்ணீர் மாதிரி இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மனைவி அட்லஸில் அந்த நாட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சந்தையில் தக்காளியைத் தொட்டுப் பார்த்து இதுதான் என்று தீர்மானிக்கிற மாதிரி.

"உண்மையா அங்க ஒருத்தரும் இல்லையோ?"

"ஒரு குருவி இல்லை," என்றேன்.

அன்றைக்கு இரவு சாப்பிடும்போதே எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

இதை வாசிப்பவர்கள் என்னைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். நான் சுரங்க ரயில் நிலையமொன்றில் டிக்கெட் விற்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு, எந்த ஊரிலிருந்து வந்த மனுஷருக்கும் எந்தப் பாதையில் ஏறி எங்கே மாறி எப்படிப் போவது என்று நாள் முழுக்க வழி சொல்லிச் சம்பளம் வாங்கினவன். ஆனால் கண்ணாடிக்கு வெளியே என்னை எடுத்து விட்டால் லண்டனின் மற்ற மூலையிலிருக்கும் எட்மண்டனுக்குப் போகவே மனைவியிடம் கேட்க வேண்டும். என் துணிவெல்லாம் ஒரு நம்பிக்கையில் நின்றது. கார் நின்றுவிட்டால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், பாஸ்போர்ட் தொலைந்தால், அந்த நாட்டில் ஒரு ஆள் இருப்பார். போன் அடித்தால் கோபத்தோடாவது எடுத்து, "எங்க நிக்கிறாய்?" என்று கேட்பார். மற்றவர்கள் இன்ஷூரன்ஸ் எடுக்கிறார்கள், எங்களுக்குச் சொந்தக்காரர். ஸ்பெயினில் அந்தப் போனை எடுக்க ஆளில்லை.

பயத்தை மறைக்க ஆயத்தங்களில் இறங்கினேன். கார் பழுதானால் ரோட்டில் வைக்கும் சிவப்பு முக்கோணம் ஒன்று போதாது என்று இரண்டு வாங்கினேன். காரின் முன் லைட் வெளிச்சத்தை மறுபக்கம் திருப்பும் ஸ்டிக்கரைத் தலைகீழாக ஒட்டி, எதிர் வீட்டுக்காரரின் படுக்கையறையைப் பகலாக்கினேன். மகனுக்குக் காரில் சத்தி வரும் வழக்கம் இருந்ததால் பைகளும் மணந்து பார்க்கத் தேசிக்காய்களும் சேர்த்தேன். பக்கத்துக் குரொய்டன் தாண்டமுன் வாந்தி எடுக்கும் பிள்ளை கிரனாடா வரை எப்படிப் போய்ச் சேரும் என்று நினைத்தால் எனக்கே சத்தி வந்தது.

வலது பக்கம் ஓட்டுவதில் எனக்குப் பழக்கம் இருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ஆனால் அந்த நாடுகளில் எனக்கு முன்னால் எப்போதும் மச்சானின் கார் போனது. துறைமுகத்துக்கு வந்து நின்று கூட்டிக்கொண்டு போவார்கள், திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். நான் நாடு நாடாகப் பார்த்தது ஒரு காரின் பின்புறத்தை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், கடை பூட்டிக் கிடக்கும் சூப்பர் மார்க்கெட்டின் கார் தரிப்பிடத்தில் பயிற்சி நடந்தது. மனைவி பக்கத்தில், பிள்ளைகள் பின்னால். தள்ளுவண்டிகளைச் சுற்றி வலது பக்கமாக, அமைதியாக, அழகாக ஓட்டினேன்.

"பாத்தீரோ? ஒரு பயமும் இல்லை," என்றேன்.

அதே அழகோடு மெர்ட்டன் ஹை ஸ்ட்ரீட்டுக்குள் திரும்பி வலது பக்கத்திலேயே போனேன். எதிரே சிவப்பு பஸ் ஒன்று வந்து மூக்கோடு மூக்கு நின்றது. டிரைவர் ஹோர்ன்கூட அடிக்கவில்லை. இரண்டு கையையும் விரித்து, என்ன பிள்ளை இது என்பதுபோலப் பார்த்தார்.

"அப்பா," என்றான் மகன், "நாங்கள் ஸ்பெயினுக்கு வந்திட்டமோ?"

மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அந்த நாட்களில் அவள் நிறையச் சிரித்தாள். வேலையால் வந்து கோட்டைக் கழற்றாமலே அட்லஸைத் திறந்து பார்ப்பாள். மகளும் அவளும் சிவப்புப் பேனையால் ஒரு பெரிய வட்டம் கீறியிருந்தார்கள். பூர்கோஸ், மத்ரித், கிரனாடா, அங்கிருந்து கடற்கரையோடு வலென்சியா, பிறகு சரகோசாவாலே மேலே. டோவரில் கப்பலேறி, பாரிசைத் தொடாமல் மேற்குப் பக்கமாகப் பிரான்சைக் கடந்து போய் வருவதாக ஏற்பாடு. "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ," என்று அவள் சொல்லியிருந்தாள். "போயிட்டு வந்து சொல்லுவம்."

நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

டூட்டிங்கில் அப்பர் டூட்டிங் ரோட்டில் நாங்கள் சாமான் வாங்கும் கடை ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் கொழும்பிலிருந்து மரக்கறி விமானத்தில் வந்து இறங்கும். முருங்கைக்காய்ப் பெட்டி உடைக்க முன்பே சனம் வாசலில் நிற்கும். பெட்டி உடைபடும் வரைக்கும் சனத்துக்குச் செய்தியை விட வேறு சாமான் இல்லை. கடைக்கார அண்ணை பெட்டியின் நாடாவை வெட்டிக்கொண்டிருந்தபோது, நான் காற்றுப்போல, ஒன்றுமில்லாதது போலக் கேட்டேன்.

"அண்ணை, ஸ்பெயின்ல எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

கத்தி நின்றது.

"ஸ்பெயின்லயோ? ஏன், ஆர் போகினம்?"

"ஒருத்தரும் இல்லை. சும்மா கேட்டன்."

"சும்மா ஆர் ஸ்பெயினைப் பற்றிக் கேக்கினம், தம்பி? எப்ப போறியள்? காரிலயோ? அப்ப பாரிசாலதானே போகோணும், உங்கட அக்கா வீட்டில நிண்டு போகலாம்."

எங்கள் ஆட்களின் வரைபடத்தில் எந்த நாட்டுக்குப் போனாலும் பாரிஸ் வழியில்தான் இருக்கிறது. நான் இரண்டு முருங்கைக்காயோடு அவசரமாக வெளியேறினேன். பின்னால் வரிசை என்னைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது முதுகில் தெரிந்தது.

அண்ணை நல்ல மனிதர். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பார்சலோனாவில் ஒரு ஆளின் நம்பரைத் தேடி எடுத்து, பற்றுச்சீட்டின் பின்னால் எழுதி வைத்திருந்தார். ஒருவருடைய மச்சானோடு கப்பலில் வேலை செய்தவராம். ஒரு ஆள் இருக்கிறார் என்ற செய்தி காதில் விழுந்ததும் என் உடம்பிலிருந்த பாரம் எல்லாம் இறங்கியது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த நம்பருக்குப் போன் அடித்தேன். ஒரு ஸ்பானிஷ்காரி எடுத்து, எனக்கு விளங்காத பாஷையில் நீண்ட நேரம் பேசினாள். அதில் எனக்குப் பிடிபட்ட ஒரே சொல் "கனடா".

ஸ்பெயினில் இருந்த ஒரேயொரு ஆளும் கனடாவுக்குப் போய்விட்டார்.

அதற்குள் கதை வேலையைச் செய்திருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அக்கா பாரிசிலிருந்து போன் அடித்தாள். போனை எடுத்தது நான்தான், நல்லகாலம்.

"என்னடா தம்பி, ஸ்பெயினுக்குப் போறியளாம். ஊரெல்லாம் தெரியுது, எனக்குத் தெரியாது. வரேக்க ஒரு கிழமை, முழுசா ஏழு நாள் நிண்டிட்டுத்தான் போகோணும், சொல்லிப்போட்டன். கணவாய் மீன் வாங்கி வைக்கிறன்."

"ஓம் அக்கா," என்றேன். வேறு என்ன சொல்வது? அக்காவுக்கு இல்லை என்று சொல்லும் இயந்திரம் என் வாயில் பூட்டப்படவில்லை. என்னைத் தூக்கி வளர்த்தவள். நான் கொழும்பில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவனிடம் காசில்லாமல் அகப்பட்டு நின்றபோது கையிலிருந்த காப்பைக் கழற்றி அனுப்பினவள். மனைவிக்கு எப்படிச் சொல்வது என்று பிறகு யோசிக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன்.

எனக்குப் பதிலாகச் சொன்னது ஒரு பார்சல். எட்மண்டனில் இருந்த என் ஒன்றுவிட்ட தம்பியின் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கினாள். கையில் மண்ணிற டேப் சுற்றிய, தலையணை அளவு பொட்டலம்.

"மச்சாள், பாரிசுக்கு ஒரு சின்னப் பார்சல். மிளகாய்த்தூள்தான், ஊரிலையிருந்து வறுத்திடிச்சு வந்தது. நீங்கள் எப்பிடியும் அவை வீட்டில ஒரு கிழமை நிக்கிறியள்தானே."

மனைவி பார்சலை வாங்கினாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். சிரித்துக் கதைத்தாள். வாசல்வரை போய் வழியனுப்பினாள். திரும்பி வந்து பார்சலை மேசையில், அட்லஸின் மேலே வைத்தாள். மிளகாய்த்தூளின் வாசம் குசினியை நிரப்பியது.

"எப்ப சொல்லுறதா இருந்தனியள்?"

"நான் சொல்லத்தான்..."

"டோவரிலயோ? கலேயிலயோ? இல்லாட்டி பாரிஸ் மச்சாள் வீட்டு லிப்டுக்குள்ளயோ?"

நான் பகிடி விட்டுப் பார்த்தேன். "லிப்ட் பழுதப்பா, படியிலதான் ஏறோணும்" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு பகிடி இவ்வளவு உயரத்திலிருந்து விழுந்து உடைந்ததை நான் கேட்டதில்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "பாரிஸ் மச்சாளில எனக்கு ஒரு கோவமும் இல்லை," என்றாள். "நல்ல மனுசி. நீங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. அவையின்ர ஆசையைக் கெடுக்கக் கூடாது. நான் இஞ்ச நிண்டு நல்லா நித்திரை கொள்ளுறன். அது எனக்குப் போதும்."

அட்லஸை மூடிப் புத்தகத் தட்டில் வைத்துவிட்டு மேலே போனாள். அவள் தோற்றுப்போனவள் மாதிரிப் படியேறவில்லை. பழகிப்போனவள் மாதிரி ஏறினாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை நான் பட்டதெல்லாம் லைட் ஸ்டிக்கருக்கும் முக்கோணத்துக்கும் பட்ட பயம், அதை வைத்துச் சிரிக்கலாம். இவள் இல்லாமல் ஸ்பெயினில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லாத நாடு என்றால் அதுதான்.

பின்கதவுப் படியில் போய் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மகள் அட்லஸோடு வந்து பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. லண்டன் வீடுகளின் சுவர்கள் அப்படி.

"அப்பா, யூ டோன்ட் நீட் பிரான்ஸ்," என்றாள்.

"என்ன?"

"பிளிமத்தில இருந்து சாந்தாந்தேருக்கு ஷிப் இருக்கு. எங்கட ஸ்பானிஷ் டீச்சர் அதிலதான் போறவ. ஒரு நாள் கடல்ல. பிறகு நேர ஸ்பெயின்."

கீழே கடலின் நீலத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். அந்தக் கோடு எந்தச் சொந்தக்காரரின் வீட்டையும் தொடவில்லை. ஒரு முழு நாள் பேய்க் கடலில் மகனும் நானும் போட்டி போட்டுச் சத்தி எடுப்பது கண்முன்னே தெரிந்தது. ஆனால் கடலை விடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. அக்காவுக்குப் போன் எடுத்து, வரவில்லை என்று சொல்ல வேண்டும்.

"நீ சொல்லிறியோ?" என்று மகளைக் கேட்டேன்.

"அப்பா."

அந்த ஒரு சொல்லை அவள் தாயின் குரலில் சொன்னாள்.

போன் எங்கள் நடைவழியில், படிக்கட்டின் கீழே இருந்தது. எடுக்க முன்பு மூன்று பொய்களை ஆயத்தம் செய்துகொண்டேன். கார் எஞ்சின், கப்பல் டிக்கெட், மகனுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் போடும் அம்மாள் வருத்தம். அக்காவின் குரலைக் கேட்டதும் மூன்றும் ஓடிப்போய்விட்டன.

"அக்கா, நாங்கள் இந்த முறை வரேல்லை."

"ஆருக்கும் சுகமில்லையோ?"

"இல்லை. கப்பல்ல நேர ஸ்பெயினுக்குப் போறம்."

"அப்ப பிரான்சுக்கே வரேல்லையோ?"

"இல்லை அக்கா. அவவுக்கு ஒரு முறையாவது ஒருத்தற்ற குசினிக்குள்ளயும் நிக்காமல் ஒரு இடம் பாக்கோணும் எண்டு ஆசை. உங்களில ஒரு குறையும் இல்லை. நான்தான் சொல்லாமல் இழுத்துக்கொண்டு இருந்தனான். பிழையா நினைக்காதேங்கோ."

அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் கூவியது. "பொறு," என்றாள். குக்கர் அடங்கியது. ஒரு கதவு சாத்தும் சத்தம். திரும்பி வந்தபோது அவள் குரல் பதுங்கியிருந்தது.

"தம்பி, இதை ஆருக்கும் சொல்லிப்போட்டியோ?"

"எதை?"

"வரேல்லை எண்டதை."

"இல்லை, உங்களுக்குத்தான் முதல்ல."

"அப்ப சொல்லாதை. கடவுளாணை ஒருத்தருக்கும் சொல்லாதை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"டேய், பள்ளிக்கூட லீவு விட்டதிலையிருந்து ஒரு குடும்பம் போக ஒரு குடும்பம். லண்டன் ஆக்கள் சுவிசுக்குப் போனாலும் என்ர வீட்டாலை. ஜேர்மன் ஆக்கள் லூர்து மாதாவிட்டப் போனாலும் என்ர வீட்டாலை. இப்பவும் உள்ளுக்கு ஆக்கள் படுத்துக் கிடக்கினம். நானும் அத்தானும் ஒரு மாசமாக் குசினிக்குள்ள பாய் போட்டுப் படுக்கிறம். உங்கட கிழமைக்கு நோர்வே ஆக்கள் கேட்டவை. தம்பி குடும்பம் வருது, இடமில்லை எண்டு சொல்லிப்போட்டன். நீங்கள் வரேல்லையெண்டு தெரிஞ்சால் நாளைக்கே வந்து இறங்குவினம்."

"அப்ப..."

"அப்ப நீங்கள் வாறியள். விளங்குதோ? ஒரு கிழமை என்ர வீட்டில நிண்டிட்டு ஸ்பெயினுக்குப் போறியள். நான் கதவைப் பூட்டிப்போட்டு என்ர கட்டில்ல படுக்கப்போறன். ஆரும் போன் எடுத்தால் பதில் வராது. உங்களோட வெளியில போயிட்டன் எண்டு நினைக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது. அவள் வீட்டுச் சோபாவில் எத்தனை கோடை காலை நீட்டிக் கிடந்திருக்கிறேன். அவள் எங்கே படுக்கிறாள் என்று ஒரு தரமும் கேட்டதில்லை.

"மச்சாளிட்டக் குடு," என்றாள்.

மனைவியைக் கூப்பிட்டேன். படியில் இறங்கி வந்து, என்னைப் பார்க்காமல் போனை வாங்கினாள். முதலில் "ஓம் மச்சாள்" என்றாள். பிறகு "ஓம்... ஓம்..." என்றாள். பிறகு நடைவழிச் சுவரில் சாய்ந்து, மெல்ல வழுக்கி, கடைசிப் படியில் இருந்துவிட்டாள்.

"ஒரு கிழமையும் சமைக்காமல் பாணும் வெண்ணெயுமோ? அப்ப அண்ணை என்ன செய்வார்?" என்று அத்தானைப் பற்றிக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் கதைத்ததை நான் கண்டதில்லை. ஒருவர் குசினியில் ஒருவர் நின்ற காலங்களில் அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லைப் போல.

போனை வைத்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கடல்ல ஒரு நாளோ?"

"ஒரு நாள்."

"உங்களுக்குச் சத்தி வருமே."

"வரட்டும்," என்றேன். அதை விட வீரமான வசனம் ஒன்றை நான் இதுவரை பேசியதில்லை.

இனி வீட்டிலிருந்த எல்லோரும் பொய்யில் பங்காளிகள். பிள்ளைகளுக்கு மகள்தான் பாடம் எடுத்தாள், அதாவது தம்பிக்கும் எனக்கும். பார்சலைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கொடுத்தால் பாரிசுக்குப் போகவில்லை என்று தெரிந்துவிடும். அக்காவோ, "எனக்கு வேண்டாம், இஞ்ச நாலு போத்தல் கிடக்கு, கொண்டுபோங்கோ" என்றாள். ஆகவே அந்த மிளகாய்த்தூளும் எங்களோடு வெளிக்கிட்டது. புறப்படும் காலை, நாலு சில்லின் கீழும் தேசிக்காய் வைத்து நசித்தேன். எதிர் வீட்டுக்காரர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு, பழைய லைட் விஷயத்துக்கு இது ஏதோ பரிகாரம் என்று நினைத்திருக்க வேண்டும், கைகாட்டினார்.

கடலைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. மகன் கப்பலில் ஓடி விளையாடினான், சத்தி எடுத்தது நான் மட்டும்தான் என்பது போதும். கார் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அவ்வளவு ஆயத்தம் செய்தவனுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான், இரண்டு முக்கோணங்களும் உறை பிரிக்காமல் திரும்பி வந்தன. மனைவி கிரனாடாவில் கோட்டைச் சுவரில் கையை வைத்துக்கொண்டு, "போவம்" என்று யாரும் சொல்லாத வரைக்கும் நின்றாள். நாங்கள் யாரும் சொல்லவில்லை.

வலென்சியாவுக்குப் பக்கத்தில், கடலோரம் ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்திருந்தோம். அங்கே வந்து சேர்ந்த அன்றைக்கு மகன் பேக்கரிப் பாணைக் கண்டு அழத் தொடங்கினான். சோறு வேண்டுமாம். மனைவி எழும்ப முன்பே நான் எழுந்தேன். பார்சலின் டேப்பை வெட்டினேன். சந்தையில் மகள் தன் ஸ்பானிஷில் பேரம் பேசி வாங்கிய வெங்காயத்தைப் பலகையில் வைத்தேன். மனைவி வெளியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, இன்னொரு கதிரையில் காலை நீட்டியிருந்தாள்.

"உதவி வேணுமோ?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"வேண்டாம்."

"நல்லது. சும்மாதான் கேட்டனான்."

கண்ணால் தண்ணீர் ஓட ஓட, ஸ்பெயினில் வெங்காயம் வெட்டியது நான்.

அந்த இலையுதிர் காலத்தில் லண்டனில், வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் ஒரு கல்யாணம். எட்மண்டன் மச்சாள் எங்கள் மேசைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டாள்.

"பாரிஸ் எப்பிடி மச்சாள்? ஒரு கிழமையும் குசினிக்குள்ளதான் நிண்டிருப்பியள், என்ன?"

மனைவி முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "மச்சாள் என்னை ஒரு வெங்காயம் வெட்ட விடேல்லை," என்றாள்.

எனக்கு வடை விக்கியது. எட்மண்டன் மச்சாள் என்னைப் பார்த்தாள், பிறகு மனைவியைப் பார்த்தாள், பிறகு பக்கத்தில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த மகன் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"தம்பி, பாரிஸ் மாமி வீடு எப்பிடி இருந்தது?"

மகள் தன் தட்டிலிருந்த அப்பளத்தை அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினாள்.

மகன் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"பச்சை," என்றான். "ஒரு கால் ஆடும்."

எட்மண்டன் மச்சாள் தலையாட்டினாள். "ஓம், அந்தச் சோபாவை இன்னும் மாத்தேல்லை," என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள்.